முதல் ட்ரிப் ஏற்றுவதற்கு முன்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு 27 வயதில் விரைப்புற்று வந்தது. வலியே இல்லை, குளிக்கும்போது விரையில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. இடது விரையை எடுத்தார்கள். அப்புறம் மூன்று சுற்று கீமோ: பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின். 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கும்வரை, இது பரவிவிட்டால் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. இன்று, பரவியவர்கள் பரவாதவர்கள் எல்லாரையும் சேர்த்து, 100 பேரில் 90-க்கும் மேல் குணமாகிறார்கள். யுவராஜ் சிங்குக்கு நெஞ்சில் வந்ததும் இந்த வகைக் கட்டிதான். அதே ஐன்ஹார்னிடம் சிகிச்சை முடித்து, 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் அவர் மறுபடி மட்டையோடு இறங்கினார்.

பிழைத்துவிடுவோம் என்று உங்களுக்குத் தெரிகிறது. அதனால்தான் அதற்கப்புறம் நாங்கள் வாழப்போகும் நாற்பது, ஐம்பது வருடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் சேர்ந்திருந்த இடத்தில் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், பக்கத்தில் அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வாந்தி வரும், முடி கொட்டும் என்றார்கள். விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு நாளில் முடிகிற வேலை அது. கீமோவுக்குப் பின் பலருக்குச் சில வருடங்களில் உற்பத்தி திரும்பிவிடும். எனக்குத் திரும்பவில்லை. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட இன்றும் கண்ணாடி வேண்டும். விரல் நுனிக்குப் பொத்தான் துளை தெரிவதில்லை. இரவில் ஃபேனை நிறுத்தினால் காதுக்குள் சில்வண்டு கத்தும். நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். இதெல்லாம் சிஸ்பிளாட்டினால் வரக்கூடியது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்து, ஒரு வருடம் வீட்டில் சோம்பேறிப் பட்டம். காலையில் எழவே முடியாது, எதிலும் மனம் ஒட்டாது. பார்த்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருக்கிறது. புற்று திரும்புகிறதா என்று அறிய, ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி பார்க்க எங்களிடம் ரத்தம் எடுக்கிறீர்கள். சோர்வு என்று ஒருவன் சொன்னால் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பாருங்கள்.

அம்மா ஊரில் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார். தழும்பும் அடிவயிற்றில் அதே இடத்தில் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையே சொல்லச் சொன்னார். என்னால் முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. பெரும்பாலும் ஒரு விரையே போதும், தாம்பத்தியத்துக்குத் தடையில்லை என்று உங்களில் ஒருவர் அன்றைக்கு அம்மாவிடம் சொல்லியிருந்தால், அவர் அந்தப் பொய்யைச் சுமந்திருக்க மாட்டார்.

நான் கேட்பது பத்து நிமிடம். முதல் ட்ரிப்புக்கு முன் அப்பா அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எங்களிடம் மட்டும் பேசுங்கள். அப்பா பக்கத்தில் நிற்கும்போது 'விந்து' என்ற சொல் எங்கள் வாயில் வராது. என்ன கேட்பது என்றும் தெரியாது.

என் அடுத்த கட்டிலில் 19 வயதுப் பையன் ஒருவன் படுத்திருந்தான். அவனும் கேட்டிருக்க மாட்டான். அவனுக்குச் சொல்ல அன்றைக்கு எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவன்