பட்டியலில் விட்டுப்போன எண்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. ஆரணியில் மழை என்று எழுதியிருக்கிறாய், கொடுத்துவைத்தவன். இங்கே கோட்டை அகழியைப் பார்த்தாலே கண் கூசுகிறது. முழங்கால் வலி பழையபடிதான்; மருமகள் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கும் அன்று மட்டும் மறந்துபோகிறது.

வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்ததில் ஓர் எண்ணிடம் மாட்டிக்கொண்டேன். 293318625600. நம் வாய்க்கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

12ஐ எடுத்துக்கொள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாரையும் காரணிக் கணக்கில் தோற்கடிக்கிற எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதில் 102 எண்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். கடைசி எண் 6746328388800. நடுவில் வந்திருக்க வேண்டிய என் எண் மட்டும் இல்லை. விட்டுவிட்டார்!

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஒரு பாசமும் வந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர்தானே, நம் இனம். தோல் மண்டியில் ஐந்தொகை இடிக்கிறது என்று நாம் இரண்டு இரவு கண்விழித்தது நினைவிருக்கிறதா? கடைசியில் பேரேட்டு அட்டைக்கும் உறைக்கும் நடுவில் ஒரு வவுச்சர் ஒட்டிக்கொண்டிருந்தது. நமக்காவது கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்தது. அவருடைய பட்டியலில் ஒன்று குறைந்தால் எந்தத் தொகையும் இடிக்காது.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தேன். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5, 7 இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒரு காரணியை உண்டாக்க, 2ஐ ஒன்றுகூட எடுக்காமலும் விடலாம், ஆறையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. அப்படியே 3க்கு ஐந்து வழி, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மீதி நான்குக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 5,040 காரணிகள். ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினாலும் அதே 5,040தான். அது இங்கே எதற்கும் உதவாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மண்டியிலிருந்து கொண்டுவந்த பழைய கால்குலேட்டரில் இந்த எண் பன்னிரண்டு கட்டத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த பகா எண்ணான 23ஆல் பெருக்கினேன். திரையில் பிழைக்குறி வந்துவிட்டது. விடுவேனா? காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டேன். 20ஆல் பெருக்கியது ஒரு வரி, 3ஆல் பெருக்கியது ஒரு வரி, இரண்டையும் கூட்டினால் 6746328388800. அவர் பட்டியலின் கடைசி எண், முருகேசா! விட்டுப்போனதும் ஒருவகையில் அந்தக் கடைசி வரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். 3ஆல் பெருக்கிய வரியில் ஓரிடத்தில் அடித்து எழுதியிருக்கிறேன், உன் கண்ணாலும் ஒரு தடவை சரிபார். பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாளே கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்