சம்பளக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கும், முதலாளிகள் தரப்புப் பிரதிநிதிகளுக்கும், எங்கள் தரப்பில் பேசும் சங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு பெருநகரத்தில் அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறேன். எந்த நகரம் என்பது முக்கியமில்லை. வாடகை ஏறிக்கொண்டே போகிற எந்த ஊருக்கும் இந்த மடல் பொருந்தும். சம்பளம் போதவில்லை என்று புலம்ப வரவில்லை, அது உங்களுக்கே தெரியும். உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைக் காட்டத்தான் எழுதுகிறேன். ஒரு பொருளுக்கு ஊர் முழுக்க ஒரே விலை என்று வைத்துக்கொண்டு கூட்டுகிறீர்கள். மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணம் இல்லாதவருக்கு அதே பொருள் கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கிறது.

பஸ் பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதப் பாஸ் வாங்கினால் மிச்சம் என்று எங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அதற்கான பணத்தை மாதத் தொடக்கத்தில் ஒரே தடவையாகக் கொடுக்க வேண்டும். அந்த நாளில்தான் வாடகையும் கேட்டு நிற்கிறது. அதனால் தினமும் டிக்கெட் எடுக்கிறோம், மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பாஸ் விலையைத் தாண்டியிருக்கும். சோப்புத் தூளும் எண்ணெயும் அப்படித்தான். பெரிய பாக்கெட்டில் கிராமுக்கு விலை குறைவு. நாங்கள் வாங்குவது அன்றாடத்துக்கான சின்னப் பாக்கெட். வங்கிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் சில இடங்களில் அபராதம் பிடிக்கிறார்கள். பணம் இல்லை என்பதற்காகப் பணம் பிடிக்கும் அந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதையெல்லாம் விடப் பெரியது அட்வான்ஸ். தனி வீடு எடுக்கச் சில மாத வாடகையை முன்பணமாக எண்ணி வைக்க வேண்டும். அது சேராததால்தான் நாங்கள் பகிர்ந்து தங்கும் அறைகளில் இருக்கிறோம். என் அறையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் வாடகை கொடுக்கிறோம். நான் இரவு வேலைக்குப் போகும்போது இன்னொருவர் படுக்கிறார், அவர் காலையில் எழுந்து போனதும் நான் படுக்கிறேன். தலையணை மட்டும் அவரவருக்குத் தனி. அலமாரியில் ஒவ்வொரு எண்ணெய்ப் புட்டியிலும் ஒரு பேனாக் கோடு இருக்கும், எதுவரை இருந்தது என்று தெரிவதற்காக. யாரும் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. ஆனால் கோடு போடாமலும் இருப்பதில்லை. இப்படி ஒரு கட்டிலில் பாதிக்கு நாங்கள் கொடுப்பதைச் சதுர அடிக்கு வகுத்துப் பாருங்கள். நல்ல குடியிருப்பில் இருப்பவர் கொடுப்பதைவிட அதிகமாகவே வரும்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வீட்டுவசதி பற்றிப் பேசுபவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சரி. அந்த அளவுக்குள் வீடு வேண்டுமென்றால் நகரத்தின் விளிம்புக்குப் போக வேண்டும். அங்கே போனால் வாடகையில் குறைந்தது பயணத்தில் போய்விடுகிறது. கூடவே தினமும் சில மணி நேரம் பஸ்ஸிலும் ரயிலிலும் கழிகிறது, அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. வாடகையையும் போக்குவரத்தையும் ஒரே செலவாகச் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை.

அப்புறம் அந்த விலைவாசிக் குறியீடு, பொருட்களின் விலை மொத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண். அதை வைத்துத்தான் பஞ்சப்படியை ஏற்றுகிறீர்கள். ஆனால் வழக்கமான குறியீடு எல்லாக் குடும்பங்களின் செலவையும் ஒன்றாகக் கூட்டி வருவது. அதிகம் செலவழிப்பவரின் பழக்கத்துக்குத்தான் அதில் கனம் அதிகம். எங்களைப் போன்றவர்களின் பணம் சாப்பாட்டிலும் வாடகையிலும்தான் கரைகிறது. வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே எழுதிவிட்டார். டிவி விலையும் விமானக் கட்டணமும் இறங்கி, உணவும் வாடகையும் ஏறினால் உங்கள் குறியீடு அமைதியாகத்தான் இருக்கும். எங்கள் அடுப்படி அமைதியாக இருக்காது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று தனிக் குறியீடு கணக்கிடுங்கள், ஏற்றத்தை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டு 131-ஆம் உடன்படிக்கை, தொழிலாளியின் தேவையோடு குடும்பத்தின் தேவையையும் வாழ்க்கைச் செலவையும் பார்த்துத்தான் குறைந்தபட்ச ஊதியத்தை வைக்க வேண்டும் என்கிறது. அவ்வப்போது அதைத் திருத்தவும் சொல்கிறது. 'அவ்வப்போது' என்பதைச் சிலர் 'ஞாபகம் வரும்போது' என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போல. அதே அமைப்பின் 1949-ஆம் ஆண்டு 95-ஆம் உடன்படிக்கை சம்பளத்தை ஒழுங்காகக் குறித்த இடைவெளியில் கொடுக்கச் சொல்கிறது. வேலை கிடைக்கவோ வேலையில் நீடிக்கவோ முதலாளிக்கோ ஆள்பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரருக்கோ சம்பளத்தில் பிடித்துக் கொடுப்பதையும் அது தடைசெய்கிறது. எங்கள் வேலையில் அந்தப் பிடித்தத்துக்குப் பல பெயர் உண்டு. ஒருமுறை எனக்குச் சீருடைக் கட்டணம் என்று பிடித்தார்கள். சீருடையில் பாதிதான் வந்தது, சட்டை மட்டும்.

சம்பளத் தேதியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அளவு எவ்வளவு என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறீர்கள், எந்த நாளில் கைக்கு வரும் என்பதை யாரும் கேட்பதில்லை. வாடகைக்கு ஒரு தேதி, சம்பளத்துக்கு அதற்குப் பிந்தைய தேதி. நடுவில் இருக்கும் சில நாட்களுக்குத்தான் நாங்கள் கடன் வாங்குகிறோம். போனில் உடனே கடன் தருகிற செயலிகள் பிழைப்பதும் அந்த நடு நாட்களில்தான். சம்பளத்தைக் கூட்ட முடியாது என்று சொல்லும் நிறுவனம்கூடத் தேதியை முன்னால் நகர்த்தலாம், வாரச் சம்பளம் வேண்டுபவர்களுக்கு வாரம் வாரம் கொடுக்கலாம். ஒரு தாளில் தேதியை மாற்றி எழுதினால் எங்கள் வட்டி நின்றுவிடும்.

முதலாளிகள் தரப்புக்கு ஒன்று. அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார், அதுவரை கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர் ஒன்றும் தர்மப் பிரபு இல்லை. அந்தப் பணத்துக்குத் தகுதியானவர்களா என்று முடிவுசெய்ய, தொழிலாளர் வீட்டுக்குள் ஆள் அனுப்பி எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கவைத்தவர். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய ஆலையில் ஆட்கள் மாறிய விகிதம் 370 சதவீதம், அதாவது ஒரு வேலைக்கு ஓராண்டில் ஏறக்குறைய நாலு பேர் மாறினார்கள். ஆளை எடுத்து, பழக்கி, இழந்து, மறுபடி எடுப்பதன் செலவு அவருக்குக் கணக்கில் தெரிந்தது. எங்கள் கட்டடத்தில் துடைப்பம் பிடிக்கும் முகங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. அந்தச் செலவை நீங்கள் எந்தப் பத்தியில் எழுதுகிறீர்கள்?

சங்கத்தவர்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். சதவீதத்துக்குச் சண்டை போடுங்கள், அதோடு அட்வான்ஸ், பிடித்தம், தேதி இந்த மூன்றையும் மேசையில் வையுங்கள். நிரந்தர வேலை இல்லாத எங்களை உங்கள் உறுப்பினர் பட்டியலில் சேர்க்கவும் வழி பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் 1907-இல் நீதிபதி ஹிக்கின்ஸ், ஒரு சாதாரணத் தொழிலாளி நாகரிகமான சமூகத்தில் மனிதனாக வாழ எவ்வளவு வேண்டும் என்று முடிவுசெய்ய, தொழிலாளர்களின் மனைவிமாரைக் கூப்பிட்டு வீட்டுச் செலவைச் சாட்சியமாகக் கேட்டார். ஒரு நாளைக்கு 7 ஷில்லிங் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தொகை சரியா என்று வாதிடலாம். கேட்ட இடம் சரியான இடம்.

நீங்களும் எங்களைக் கூப்பிடுங்கள். வாடகை ரசீது, டிக்கெட், கடன் செயலியின் கணக்கு எல்லாவற்றையும் கொண்டு வருகிறோம். கூட்டத்தை மட்டும் பகல் வேலை நேரத்தில் வைக்காதீர்கள். இரவு வேலைக்காரர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்போம். பகல் வேலைக்காரர்களுக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். வார விடுமுறையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் பார்த்துச் சொன்னால் வந்துவிடுவோம்.