கையெழுத்துக்கு முன்னால் வக்கீல்

அயனாவரம்

அன்புள்ள சேகர்,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மூட்டுவலி இருந்தாலும் சாயங்காலம் யூனியன் ஆபீஸுக்குப் போய்விடுகிறேன்.

அமெரிக்காவில் அடிபட்ட ரயில் தொழிலாளிக்கு யூனியனே வக்கீலைக் காட்டும் என்று மகள் வீட்டில் கேள்விப்பட்டதை எழுதியிருந்தாய். அது போராடி வாங்கிய உரிமை. அங்கே 1908-ல் வந்த சட்டப்படி, கம்பெனியின் கவனக்குறைவை அடிபட்டவர் நிரூபிக்க வேண்டும். வக்கீல் வருவதற்குள் கம்பெனி ஆள் வந்து சொற்பத் தொகைக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிடுவான். அதற்காகத்தான் ஒரு ரயில் தொழிலாளர் சங்கம் நல்ல வக்கீல்களைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர்களுக்குச் சொன்னது. வர்ஜீனியா வக்கீல்கள் அமைப்பு அதைத் தடுக்கப் பார்த்தது. தொழிலாளிகள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் இப்படி வழிகாட்டுவது அவர்கள் உரிமை என்று 1964-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதை இப்போது நான் நினைக்கக் காரணம் புளியந்தோப்புப் பையன் ஒருவன். முப்பது வயது. ஒரு யார்டில் காண்ட்ராக்ட் வேலை. தண்டவாளத் துண்டை இறக்கும்போது வலது கையில் நாலு விரலும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மேஸ்திரி, பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அப்படியே எழுத வைத்துவிட்டான். பையன் மயக்கத்தில் இருந்தான். அப்புறம் காண்ட்ராக்டர் வந்து நாற்பதாயிரம் கொடுத்து, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று கையெழுத்து வாங்கிப் போனார். சம்பளச் சீட்டு கிடையாது. ஈ.எஸ்.ஐ. பதிவும் இல்லை.

சட்டத்தில் அவனுக்கு என்ன இருந்தது தெரியுமா? விபத்து நடந்தபோது 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. அதில் முதலாளியின் தப்பை நிரூபிக்கவே வேண்டாம், வேலையின்போது, வேலையால் அடிபட்டது என்றால் போதும். ஒரு கையின் நாலு விரலும் போனால் சம்பாதிக்கும் திறனில் 50 சதவீதம் இழப்பு என்று அட்டவணையே சொல்கிறது. மாதச் சம்பளம் 15,000, வயது 30 என்று வைத்தால் 9,35,910 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி வேறு. நல்ல வக்கீல் அட்டவணையோடு நிற்கவும் மாட்டார். கை போன ஒரு தச்சருக்கு, இனி தச்சு வேலையே முடியாது என்பதால் முழு ஊனம் என்று கணக்கிட்டதை நம் உச்ச நீதிமன்றம் 1976-லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உரிமையை விட்டுக்கொடுத்துப் போட்ட அந்தக் கையெழுத்தும் செல்லாது. காண்ட்ராக்டர் கையை விரித்தால், வேலையைக் கொடுத்த நிர்வாகத்திடமே கேட்கலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அதோடு, அங்கே வேலை பார்த்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கேட் பாஸ், போனில் எடுத்த போட்டோ, பேங்கில் விழுந்த சம்பளம், கூட வேலை செய்தவனின் சாட்சி எல்லாம் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். முதல் நாளே வக்கீல் வந்திருந்தால் அந்த பைக் கதை பதிவாகியே இருக்காது. நம் ஊரில் வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. யாராவது சொல்லித்தான் அவரைத் தெரியவரும். அந்த யாராவது யூனியனாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கமிட்டியில் இதைப் பேசினேன். அவன் நம் மெம்பர் இல்லையே என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சேகர், பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசலாமா? 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த இடம் இது. பி அண்டு சி மில் தகராறில் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மேல், மில்லை நடத்திய பின்னி கம்பெனி வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியது. யூனியன் நடத்துகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மெம்பருடைய வேலை சம்பந்தமான வழக்குக்கு யூனியன் பணத்தைச் செலவழிக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. மெம்பர் இல்லை என்பதுதான் பிரச்சனை என்றால் சேர்த்துக்கொள்வோம். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் குறைந்த சந்தா வைப்போம். இப்போது யார்டுகளில் ஆபத்தான வேலையில் பாதி அவர்கள் தலையில்தானே விழுகிறது!

பர்மனென்ட் ஆளுக்கும் வக்கீல் தேவைப்படுகிறது. பணியில் ஊனமானவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியும் குறைக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. மெடிக்கல் அன்ஃபிட் என்றதும் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

தேனாம்பேட்டையில் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் பையனின் மனு அடுத்த வாரம் போகிறது. வக்கீல் முன்பணம் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

பொன்மலையில் காண்ட்ராக்ட் ஆட்களை உங்கள் யூனியனில் சேர்த்தீர்களே, அந்த விதியின் நகலை எடுத்து அனுப்பு. சட்ட உதவி நிதிக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தால் அதன் விவரமும் வேண்டும். மாதக் கடைசியில் எங்கள் பொதுக்குழு. அதற்குள் கைக்குக் கிடைத்தால், வாய்ப்பேச்சாக இல்லாமல் தாளோடு எழுந்து பேசுவேன்.

அன்புடன்,
மூர்த்தி