நம் தெருவுக்கு பேட்டரி குப்பை வண்டி
எல்லோருக்கும் வணக்கம். வரும் திங்கள் முதல் டீசல் வண்டிக்குப் பதில் பேட்டரி வண்டி வரும். நேரம் அதேதான், காலை 6.30.

இது சத்தமே போடாது. கடகட சத்தம் கேட்டு வாளியோடு ஓடிவந்த பழக்கம் இனி உதவாது. பாட்டு போடச் சொல்லியிருக்கிறோம், காது கொடுத்துக் கேளுங்கள். சோதனைக்கு வந்த அன்று என் வீட்டைத் தாண்டி டீக்கடை வரை போய்விட்டது; லுங்கியோடு துரத்திப் பிடித்தேன்.

ஈரக் குப்பையில் தண்ணீரை வடித்துவிட்டுக் கொடுங்கள். பாரம் கூடினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பை வழக்கம்போல் தனித்தனி வாளியில்.

சமுதாயக் கூடத்துச் சுவரில் பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். வண்டி இரவு முழுக்க அங்கேதான் சார்ஜில் நிற்கும். தயவுசெய்து யாரும் காரை அங்கே நிறுத்த வேண்டாம். நேற்றே ஒரு வெள்ளைக் கார் நின்றது!

"மழையில் ஓடுமா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017-க்குள் 16,000-க்கு மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே புயலே அடிக்கும். சென்னையிலும் 2025 ஜூன் முதல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆனால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் நம் வண்டி வராது. டீசல் வண்டியும் வந்ததில்லை.