எல்ஃப் ஓவியமும் தியரியும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் கதைகளில் வரும் எல்ஃப்கள் (மனிதரைப் போன்ற, மூப்பில்லாத இனத்தவர்) பற்றிய ஓவியத்திலும் தியரியிலும் கடந்த ஆண்டு நடந்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, கண்காட்சிக்கு வரும் ஓவியங்களுக்கும் கூட்டத்தில் வாசிக்கும் தியரிகளுக்கும் (கதையில் தெளிவாகச் சொல்லாதவை பற்றிய ரசிகர் ஊகங்கள்) ஆதாரச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. டோல்கீன் தம் வாழ்நாளில் வெளியிட்டது, அவர் மறைந்தபின் மகன் கிறிஸ்டோபர் தொகுத்தது, திரையில் பார்த்தது, சொந்தக் கற்பனை என்று சீட்டில் நான்கு கட்டங்கள். எதில் டிக் செய்தாலும் படைப்பு ஏற்கப்படும். கற்பனையை நூலாதாரம்போலக் காட்டினால் மட்டும் திருப்பி அனுப்புகிறோம்.

சீட்டின் பலன் காது விஷயத்திலேயே தெரிந்தது. கூர்மையான காது இல்லாத எல்ஃப் ஓவியம் அரிது. ஆனால் 1937இல் வந்த ஹாபிட்டிலோ, 1954-55இல் வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெரிய நாவலிலோ எல்ஃப்களின் காது கூர்மை என்று எங்கும் இல்லை. 1987இல் கிறிஸ்டோபர் பதிப்பில் அச்சான, எல்ஃப் மொழிகளின் சொற்பிறப்புக் குறிப்புகளில்தான் அவர்களின் காது கூடுதல் கூர்மையும் இலை வடிவமும் கொண்டது என்று வருகிறது. எதைவிடக் கூர்மை என்ற இடத்தில் கையெழுத்து தெளிவில்லாததால், ‘மனித’ என்ற சொல்லைக் கேள்விக்குறியோடுதான் பதிப்பித்திருக்கிறார்கள். ஆகவே காதுக்கு டிக் விழ வேண்டியது இரண்டாம் கட்டத்தில்.

வரைவதில் வந்த பொதுப் பிழை, மனிதக் காதை முழுதாக வரைந்துவிட்டு மேலே ஒரு முக்கோணத்தை ஒட்டவைப்பது. காதின் வெளி விளிம்பு அறுபடாமல் நுனிவரை ஓட வேண்டும். காது மடலின் அடி மூக்கின் அடிமட்டத்தில் இருக்கட்டும். வழக்கமாகப் புருவ மட்டத்தில் முடியும் மேல்பகுதியை, காதின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நீட்டினால் போதும். நீட்டுவது பக்கவாட்டில் அல்ல. காது இயல்பாகவே சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், நுனியும் அதே சாய்வில் போக வேண்டும். முக்கால் பக்கத் தோற்றத்தில் தூரத்துக் காது பெரும்பாலும் தலைக்குப் பின்னே மறைந்துவிடும். இரண்டு காதையும் ஒரே நீளத்தில் போட்டால் முகமே தட்டையாகிவிடுகிறது.

டிஜிட்டலில் வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமச்சீர் பார்க்க கேன்வாஸை இடவலமாகத் திருப்புவது நல்ல பழக்கம். திரும்ப மாற்ற மறந்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, சில்மரில்லியன் நூலில் எதிரியிடம் சிக்கிய எல்ஃப் இளவரசன் மைத்ரோஸ், தாங்கோரோட்ரிம் மலைப் பாறையில் வலது மணிக்கட்டில் தொங்கினான். அவனை மீட்க வந்த உறவினன் ஃபிங்கோன் வெட்டியதும் வலது கையைத்தான். பின்னால் மைத்ரோஸ் இடது கையில் வாள் பிடித்தான் என்பது கதையின் உயிரான இடம். திருப்பிய கோப்பில் இழந்த கை இடதாகிவிடுகிறது. வாள்மேல் எழுதிய டெங்வாரும் (எல்ஃப்களின் எழுத்துமுறை) கண்ணாடி எழுத்தாகிவிடும். எழுத்துக்குத் தனி லேயர் வைத்து, ஓவியம் முடிந்தபின் கடைசியில் சேருங்கள்.

டெங்வாரில் இன்னொரு சிக்கல் உண்டு. உயிர்க்குறி, எல்ஃப் மொழிகளில் ஒன்றான க்வென்யாவின் முறையில் தனக்கு முன் ஒலிக்கும் மெய்யின் தலையில் ஏறும். மற்றொரு எல்ஃப் மொழியான சிந்தாரினுக்குப் பரவலாகக் கையாளும் முறையில் பின் ஒலிக்கும் மெய்யின்மேல் ஏறும். முறையைக் குறிப்பிடாமல் எழுதினால் படிப்பவர் பெயரையே தலைகீழாக வாசிப்பார். பழைய ஃபான்ட்களில் ஆங்கில எழுத்தை அப்படியே தட்டினால் ஒலிக்குச் சம்பந்தமில்லாத குறிகள் வரும். முதலில் விசை அட்டவணையைப் பாருங்கள்.

தியரிப் பிரிவில் அதிக நேரம் எடுத்தது எல்ஃப் அரசன் கில்-கலாடின் தந்தை யார் என்பது. 1977இல் வெளியான சில்மரில்லியன் அவனை ஃபிங்கோனின் மகன் என்கிறது. டோல்கீனின் பிற்காலக் குறிப்பில் அவன் ஓரோட்ரெத்தின் மகன். தந்தை பெயரைச் சொல்லாமலே விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று கிறிஸ்டோபரே 1996இல் எழுதினார். ஓவியருக்கு இது வெறும் வம்சாவளிச் சண்டை அல்ல. ஃபிங்கோன் கருங்கூந்தலில் பொன்னிழை பின்னியவன். ஓரோட்ரெத்தோ பொற்கூந்தலுக்குப் பெயர்போன ஃபினார்ஃபின் வழியினன். எந்தக் குறிப்பை ஏற்கிறீர்களோ அதைப் பொறுத்துத் தலைமுடி நிறம் மாறும். இரண்டுக்கும் தனி வரிசை ஒதுக்கியது செயற்குழுவின் சரியான முடிவு.

கதைகளில் இரு வேறு காலங்களில் வரும் எல்ஃப் வீரர் க்ளோர்ஃபிண்டெல் இருவரா ஒருவரா என்ற தலைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். கோண்டோலின் என்ற எல்ஃப் நகரத்தின் வீழ்ச்சியில் பால்ரோக் என்ற தீ அரக்கனோடு போரிட்டு மாண்டவரே மீண்டும் உடல் பெற்றுத் திரும்பினார் என்று ஆசிரியரே தம் இறுதி ஆண்டுகளில் எழுதிவிட்டார். அதைத் தியரி என்று அழைப்பது முறையல்ல. பெரிய நாவலில் வரும் எல்ஃப் லெகோலாஸின் முடி நிறம் மட்டும் திறந்த கேள்வியாகவே நீடிக்கிறது: தந்தைக்குப் பொன்முடி என ஹாபிட் சொல்கிறது, மகனைப் பற்றித் தெளிவான வரி இல்லை. நாவலில் ஆற்றங்கரையில் அவன் தலை கறுத்துத் தெரிந்தது இரவு வானத்துக்கு எதிரே, ஆகையால் அதைச் சான்றாக ஏற்கவில்லை.

நீர்வண்ணப் பயிற்சி நடந்தது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளே எடுத்துக்கொள்ளச் சொன்னோம். மெல்லிய தாள் நனைந்ததும் அலையலையாக எழும்பி, குழிகளில் வண்ணம் தேங்குகிறது. நட்சத்திரங்களுக்கு மாஸ்கிங் திரவம் (வண்ணம் படாமல் மறைத்து, பின்னர் உரிக்கும் பூச்சு) இட்டவர்கள், தாள் முழுக்கக் காயும் முன் அதை உரித்தால் தாளின் மேற்பரப்பும் கூடவே கிழிந்து வரும்.

அச்சு மலருக்குப் படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில், சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்) முன்னோட்டம் பார்த்தபின் வரட்டும். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிடும். திரைப்பட ஸ்டில்லை டிரேஸ் செய்தவை இவ்வாண்டும் ஏற்கப்படவில்லை, இனியும் ஏற்கப்படமாட்டா.

கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டின் ஓவியத் தலைப்பு கோண்டோலினின் ஏழு வாயில்கள். வாயில்களின் வரிசையும் அவை எதனால் ஆனவை என்பதும் 1980இல் வந்த முடிவுறாக் கதைகளில் உள்ளன: மரம், கல், வெண்கலம், முறுக்கிய இரும்பு, வெள்ளி, பொன், கடைசியில் எஃகு. பென்சில் வரைவோடு ஆதாரச் சீட்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்