அணு உலையின் திறனைக் கூட்டும்போதும் மக்களைக் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

13ஆவது மலேசியத் திட்டத்தில் அணு மின்சாரம் இடம்பெற்றதிலிருந்து வேண்டும், வேண்டாம் என்று வாதம் நடக்கிறது. இங்கே சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளிலும் அதே பேச்சுதான். ஆனால் உலை வந்து பல வருடம் ஓடிய பிறகு, "இன்னும் கொஞ்சம் கூட்டி ஓட்டிக்கொள்கிறோம்" என்று நிறுவனம் அனுமதி கேட்டு வருமே, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம்.

அமெரிக்காவில் இது வாடிக்கை. 1977 முதல் 150-க்கும் மேற்பட்ட முறை அங்குள்ள அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இப்படி அனுமதி கொடுத்திருக்கிறது. உலைக்குள் போகும் தண்ணீரை இன்னும் துல்லியமாக அளக்கும் மீட்டரைப் பொருத்தி, அளவுப் பிழைக்காக விட்டுவைத்த இடைவெளியில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கூட்டிக்கொள்வது ஒரு வகை. அதில் எனக்கு மறுப்பில்லை. 20 விழுக்காடு வரை கூட்டுவது வேறு கதை. பம்பு, டர்பைன், டிரான்ஸ்பார்மர் என்று பலவற்றை மாற்ற வேண்டி வரும். உலைக்கலனும் பழைய குழாய்களும் அப்படியே இருக்கும்.

நான் செம்பனை ஆலையில் பாய்லர் ஓட்டியவன். காய்ப்பு மிகுந்த மாதங்களில் குலைகள் லோரி லோரியாக வந்து இறங்கும். மேலிடத்திலிருந்து விரட்டுவார்கள். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் அடுப்புக்குத் தள்ளிக்கொண்டே இருப்போம். நீராவி இழுப்பு திடீரென்று கூடினால் தண்ணீரும் அதோடு சேர்ந்து ஏறிவிடும். டர்பைன் உதற ஆரம்பிக்கும். இத்தனைக்கும் பிரஷர் கேஜில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்காது. கேஜ் காட்டும் இடத்தில் பிரச்சினை வராது, அது பார்க்காத இடத்தில்தான் வரும்.

இல்லினாய் மாநிலத்துக் குவாட் சிட்டீஸ் அணுமின் நிலையத்தில் நடந்ததும் ஏறக்குறைய இந்த ரகம்தான். முறைப்படி அனுமதி வாங்கி, 2002-இல் இரண்டாம் உலையின் திறனை 18 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினார்கள். நீராவியிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் உலர்த்தி அதே ஆண்டில் சேதமடைந்து, உடைந்த தகட்டுத் துண்டு நீராவிக் குழாய்க்குள் போயிருந்தது. சரிசெய்து ஓட்டினார்கள், 2003-இல் மறுபடியும் விரிசல். நீராவியின் வேகம் கூடியதால் குழாய்க் கிளைகளில் எழுந்த அதிர்வுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

அதற்கு அடுத்து வந்தது அதே நாட்டு வெர்மான்ட் மாநிலத்தின் வெர்மான்ட் யாங்கி அணுமின் நிலையம். 2003-இல் 20 விழுக்காட்டுக்கு விண்ணப்பித்தார்கள். மாநில அரசும் குடிமக்கள் அமைப்பும் எதிர்த்து வழக்காட, அனுமதி 2006 மார்ச்சில்தான் கிடைத்தது. அப்போதும் ஒரேயடியாக ஏற்ற விடவில்லை. படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி அதிர்வை அளந்தார்கள். பழைய திறனில் 105 விழுக்காட்டை எட்டியபோதே நீராவிக் குழாயில் அதிர்வு வரம்பை மிஞ்ச, ஏற்றத்தை நிறுத்தி ஆராய்ந்துவிட்டுத்தான் மேலே போனார்கள். என்னைக் கேட்டால் பரிசோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று. பாய்லரில் நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அணு உலையை நிறுத்தினாலும், நிறுத்திய நொடியில் முழுத் திறனில் 6, 7 விழுக்காடு வெப்பம் வந்துகொண்டே இருக்கும். 2011-இல் புக்குஷிமாவை உருக்கியது அந்த மிச்ச வெப்பம்தான். திறனைக் கூட்டினால் அதுவும் கூடும். அவசரக் குளிரூட்டலுக்கு வேலையும் கூடும்.

நம் நாட்டில் இருப்பது பாங்கியில் 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை ஒன்றுதான். அது மின்சாரம் தருவதில்லை. ஆனால் கதிரியக்க விவகாரத்தில் பேராக்காரர்களுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில், கதிரியக்கக் கழிவை உண்டாக்கிய ஏசியன் ரேர் எர்த் என்ற கனிம ஆலை ஓட ஆரம்பித்த பிறகு, மக்கள் 1985-இல் நீதிமன்றம் ஏறினார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், மறு ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆலை 1994-இல் மூடப்பட்டது. எல்லாம் ஓடத் தொடங்கிய பின்னால் வழக்காடுவது எவ்வளவு பாடு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இது. 2 விழுக்காட்டுக்கு மேல் திறனைக் கூட்டும் எந்தக் கோரிக்கையையும் புது விண்ணப்பமாகவே நடத்த வேண்டும் என்று விதியிலேயே எழுதட்டும். பாதுகாப்பு ஆய்வறிக்கை வெளியே வரட்டும். சுற்றுவட்டார மக்கள் ஆட்சேபிக்க 2 மாதமாவது கொடுக்கட்டும். அறிவிப்பு அரசாங்க கெஜட்டில் மட்டும் வந்தால் தோட்டத்துப் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? தமிழிலும் அச்சடித்து அஞ்சலகத்திலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டட்டும்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது இதைக் கேட்கத்தான் போகிறேன். அமைச்சரிடம் உங்கள் நிருபரும் கேட்டு, பதிலை முதல் பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேரா