பெப்டைடு தானாகச் சேரும், சரி... அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தானாக ஒன்றுசேரும் பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்) பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் போடுகிறீர்களே, அதற்கே நன்றி. ஆனால் அமினோ அமில வரிசையை எழுதிக் கொடுத்தால் போதும், மீதியை மூலக்கூறே பார்த்துக்கொள்ளும் என்கிற தொனிதான் உறுத்துகிறது.

ஆர்ஏடிஏ-16 என்ற பெப்டைடை எடுத்துக்கொள்வோம். அர்ஜினின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், மறுபடி அலனின், இதே வரிசை நான்கு தடவை. சங்கிலி நீண்டு நிற்கும்போது அலனின்கள் எல்லாம் ஒரு பக்கமும் மின்னூட்டம் உள்ளவை மறுபக்கமும் வந்துவிடும். தண்ணீருக்கு ஆகாத அலனின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒளிந்துகொள்ள, ஹைட்ரஜன் பிணைப்புகள் நீளவாக்கில் கோத்துக்கொண்டே போக, சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் இழைகள் உருவாகின்றன. அமிலத்தன்மையுள்ள நீரில் இது ஓடுகிற திரவம்தான், ரத்தம் பட்டவுடன் அதிலுள்ள உப்பும் நடுநிலையான பிஎச்சும் (அமில, காரத் தன்மையின் அளவு) சேர்ந்து ஜெல்லாக்கிவிடும். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தெளிவாக இருக்கும், எண்டோஸ்கோபியில் ரத்தக் கசிவை நிறுத்தும் மருத்துவர் அதன் ஊடாகவே பார்த்தபடி வேலையைத் தொடரலாம். அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தின் முதல் பெப்டைடு யாரும் உட்கார்ந்து வடிவமைத்தது இல்லை. ஷுகுவாங் சாங் என்ற விஞ்ஞானி ஈஸ்ட்டின் ஒரு புரதத்தில் கண்டெடுத்தது, 1993ல் வெளியானது.

இன்னும் சின்னதாகப் போவோமா? பினைல்அலனின் என்ற அமினோ அமிலம், இரண்டே இரண்டு. அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு புரதத்தில் இருக்கும் துண்டு அது. 2003ல் ரெக்கஸ், கசிட் என்ற இரு ஆய்வாளர்கள் அதை நானோ குழாயாக்கி, உள்ளே வெள்ளி அயனிகளை விட்டு, வெள்ளிக் கம்பி வார்த்தார்கள். இதே பெப்டைடை டொலுவினில் போட்டால் குழாய்க்குப் பதிலாக ஜெல் கிடைக்கும். ஓர் எழுத்துகூட மாறவில்லை, கரைப்பான்தான் மாறியது.

கணினி உதவாதா என்றால், உதவும். அமினோ அமிலங்கள் 20 வகை என்பதால், மூன்று அமினோ அமிலம் கொண்ட பெப்டைடுகள் மொத்தம் 8,000; அத்தனையையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, 2015ல் ஒரு குழு சிலவற்றைத் தேர்ந்தெடுத்தது, அவற்றில் சில ஆய்வகத்தில் நிஜமாகவே ஜெல் ஆயின. 16 அமினோ அமிலம் என்று வந்தால் எண்ணிக்கை 20ன் 16ஆம் அடுக்கு, அதை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க யாராலும் ஆகாது.

அதனால் ஒரு கோரிக்கை. இனி இப்படிக் கட்டுரை போடும்போது எந்த பிஎச், எந்த உப்பு, எவ்வளவு செறிவு, அடுத்த தொகுதி தயாரித்தபோதும் அதே பொருள் வந்ததா, உடலிலுள்ள நொதிகள் அதை எவ்வளவு நேரத்தில் சிதைக்கின்றன என்று ஆய்வாளரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தயாரிப்பில் தங்கிவிடும் டிரைபுளூரோஅசிட்டிக் அமிலமே பிஎச்சை இழுத்துவிடும், ஒரே வரிசையை இரண்டு இடத்தில் வாங்கினால் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். முழுப் பக்கம் வேண்டாம், ஒரு பெட்டிச் செய்தி போதும்.

இப்படிக்கு,
பெப்டைடு ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகர்